உப்புக் காற்றில் ஒரு கிட் கார்: 500 கிலோ இலக்கில் கட்டி, துருவிடமிருந்து காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

வெட்டிய இரும்புக் குழாயை எண்ணெய் தடவாமல் ஒரு இரவு முற்றத்தில் விட்டால், திருகோணமலையில் காலையில் அது தோடம்பழ நிறத்தில் கிடக்கும். உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு ஒழுங்கைகள்தான். இலேசான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கட்டப் போகிறேன் என்று பக்கத்துப் படகுப் பட்டறை அண்ணனிடம் சொன்னபோது அவர் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, குழாய் எத்தனை மில்லி தடிப்பு?" என்றார். 1.6 என்றேன். "அப்ப உப்புக்கு என்ன வழி வைச்சிருக்கிறாய்?"

இந்த வேலையின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இலேசான கார் என்றால் மெல்லிய உலோகம். மெல்லிய உலோகத்தில் துருவுக்குக் கொடுக்க உபரி எதுவும் இல்லை. ஒரு லொறியின் செசியில் 1 மிமீ துரு தின்றாலும் லொறி ஓடும். 1.6 மிமீ குழாயில் 1 மிமீ போனால் மிஞ்சுவது தகரம். ஆகவே இங்கே எடையைக் குறைப்பதும் உப்பைத் தடுப்பதும் ஒரே நேரத்தில் யோசிக்க வேண்டிய வேலைகள்.

கிட் கார் எங்கிருந்து வந்தது

பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டுகிற காரைத்தான் கிட் கார் என்கிறோம். 1957இல் இங்கிலாந்தில் கொலின் சப்மன் தன் லோட்டஸ் நிறுவனத்தின் செவன் காரை வெளியிட்டார். நான்கு சக்கரம், இரண்டு இருக்கை, குழாய்ச் சட்டகம், அதன் மேல் அலுமினியத் தகடு. கதவுகூடச் சரியாக இல்லை. அன்று பிரித்தானியாவில் முழுக் காருக்குக் கொள்வனவு வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. அதனால் செவன் பெட்டிகளில் போனது, வாங்கியவர்கள் வீட்டுக் கராஜில் பூட்டினார்கள். 1973இல் வரிமுறை மாறி அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு கேட்டரம் நிறுவனம் செவனின் உரிமையை வாங்கி இன்றுவரை அதைச் செய்கிறது.

நமக்குப் பயன்படும் செய்தி அதற்குப் பிறகு வருகிறது. கேட்டரம் 2013இல் ஒரு சின்னச் செவனை அறிவித்தது: சுசுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், சுசுகி கியர் பொக்ஸ், சுசுகியின் ஒரே துண்டுப் பின் அச்சு. 80 குதிரைவலு, சுமார் 490 கிலோ. 155 அகல ரயர்தான். அகலம் 1.48 மீற்றருக்குள் இருப்பதால் ஜப்பானில் அது கெய் கார் என்ற மிகச் சிறிய கார் வகைக்குள்ளேயே வருகிறது. அந்தச் சுசுகிக் குடும்பத்தின் சின்ன வேன்கள் நம் ஊரில் பாடசாலைப் பிள்ளைகளையும் பாண் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு தினமும் ஓடுகின்றன. அதைப் படித்த நாளில்தான் இது வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமான விளையாட்டு இல்லை என்று எனக்குப் பிடிபட்டது.

முதலில் காகிதம்

வெல்டிங் செட் வாங்குவதற்கு முன் இதை முடியுங்கள். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவில்லாத வாகனம் வீதியில் ஓடக்கூடாது. வீட்டில் கட்டிய சட்டகத்துக்குத் தொழிற்சாலை கொடுத்த செசி இலக்கம் கிடையாது. பிரித்த வேனின் பதிவுப் புத்தகத்தை இந்தக் காருக்கு மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அது மோசடி. விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதியும் கிடையாது, நீதிமன்றத்தில் நிற்பதும் நீங்கள்தான்.

நேர்மையான வழி இரண்டு உண்டு. வரைபடம், பாகங்களின் பற்றுச்சீட்டு, எஞ்சினின் சுங்கப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிட்டு ஆரம்பிப்பது ஒன்று. நான் தேர்ந்தது மற்றது: வீதிக்கு ஆசைப்படாமல், தனியார் நிலத்திலும் போட்டித் தடத்திலும் மட்டும் ஓட்டுவதற்கென்றே கட்டி, லொறியில் ஏற்றிக் கொண்டு போவது. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களிலிருந்து நடக்கிறது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று பந்தயத் தடமாகியிருக்கிறது. போட்டிக்குப் போக எண்ணமிருந்தால் அந்த அமைப்பாளர்களின் விதிப்புத்தகத்தை இப்போதே வாங்குங்கள். ரோல் பாரை, அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளையத்தை, ஒருமுறை ஒட்டிய பிறகு விதி வேறு என்று தெரிந்தால் வெட்டத்தான் வேண்டும்.

வெளிநாட்டு முழுக் கிட்டை இறக்குவது பற்றியும் கேட்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் வரி சின்னத் தொகை அல்ல. அந்தப் பணத்தில் இங்கேயே ஒன்றைக் கட்டி, பிழை விட்டு, திருத்தி, இன்னொன்றும் கட்டலாம் என்பது என் எண்ணம்.

எந்த வேனைப் பிரிப்பது

பின் சக்கர இயக்கம், நீளவாக்கில் நிற்கும் எஞ்சின், ஒரே துண்டுப் பின் அச்சு. இந்த மூன்றும் ஒரே வாகனத்தில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சுசுகி எவ்ரியில் மூன்றும் உண்டு. டர்போ உள்ளதைத் தேடுங்கள். ஜப்பானியக் கெய் எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர்கள் தாங்களே வைத்துக்கொண்ட உச்சம் 64 குதிரைவலு. வேனில் அது சாதாரணமாக இருக்கும். பாதி எடையுள்ள காரில் வைத்துப் பாருங்கள்.

உடல் நசுங்கிய, ஆனால் எஞ்சின் ஓடுகிற வேன்தான் சிறந்தது. பிரிப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கியரும் விழுகிறதா, டிஃப் (பின் அச்சின் பற்சக்கரப் பெட்டி) ஊளையிடுகிறதா, சூடேறிய பிறகு ஐட்லிங் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள். வயரிங்கை வெட்டாமல் முழுக் கொத்தாக எடுங்கள். திறப்பு, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி), கணினிப் பெட்டி மூன்றும் ஒரே வேனிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு பிளக்கையும் கழற்றும்போது படம் எடுத்து நாடாவில் இலக்கம் ஒட்டினேன். அந்த இரண்டு பின்னேரங்கள் எனக்குப் பிறகு இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தின.

எவ்ரியில் எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருக்கும். அதை மூக்குக்குக் கொண்டு வரும்போது, வேனில் எந்தச் சாய்வில் நின்றதோ அதே சாய்வில் நிறுத்துங்கள். நேராக நிமிர்த்தினால் எண்ணெய்த் தொட்டியில் உறிஞ்சு குழாய் இருக்கும் இடம் தவறிப்போய், வளைவில் எண்ணெய் கிடைக்காமல் பெயரிங் போகும்.

இன்னொன்று, வேனின் டிஃப் பாரம் இழுப்பதற்காகச் செய்தது. அதனால் குறைந்த வேகத்திலேயே எஞ்சின் கத்தும். பெரிய சக்கரம் கொஞ்சம் உதவும். வேனின் 145 ஆர் 12 ரயரின் விட்டம் சுமார் 537 மிமீ, 175/65 ஆர் 14இன் விட்டம் 583 மிமீ. கியர் கிட்டத்தட்ட 8.5 வீதம் நீளும், அதாவது எஞ்சின் அதே சுற்றில் அவ்வளவு கூடுதல் வேகம் வரும். 155/65 ஆர் 14 போட்டால் 557 மிமீ, 4 வீதம்கூட இல்லை. ஆனால் அந்த மெல்லிய ரயர்தான் எடையில் குறைவு. நான் 155 போட்டேன். மலையேற்றத்துக்குக் குட்டைக் கியர் குறையே அல்ல.

எடைக் கொப்பி

ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு பகுதிக்கும் எடை ஒதுக்குங்கள், காசுக்கு வரவு செலவு எழுதுகிற மாதிரி. நான் வைத்த ஒதுக்கீடு இது: பிராக்கெட்டுகளோடு சட்டகம் 70 கிலோ. எஞ்சின், கியர் பொக்ஸ், புறோப் ஷாஃப்ட் (பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டு) 120. பின் அச்சு 55. முன் சஸ்பென்ஷன், பிறேக், ஸ்டியரிங் 60. நான்கு சக்கரம் 52. தகடும் பைபரும் 45. இருக்கை, பெல்ட், ரோல் பார் 35. ரேடியேற்றர், தண்ணீர், தாங்கி, எக்ஸோஸ்ட் 40. பெற்றரி, வயர், விளக்கு 18. மொத்தம் 495.

கடைசியில் 521இல் நின்றது. அதிகமான 26 கிலோவும் எங்கே போனது என்று கொப்பி சொல்கிறது: 9 கிலோ பைபர், 6 கிலோ நான் பயந்து தடிப்பாக வெட்டிய பிராக்கெட்டுகள், மிச்சம் பூச்சும் ஒட்டுப்பசையும் போல்ட்டும். சின்னப் பாகத்துக்கு மீன்காரர் தூக்குத் தராசு போதும். பெரியவற்றை நெல் கடைத் தராசில் வையுங்கள். எடை பார்க்காமல் எந்தப் பாகத்தையும் பூட்டாதீர்கள். பூட்டிய பிறகு 300 கிராம் யாருக்கும் தெரியாது, அப்படியான 300 கிராம் எண்பது சேர்ந்தால் ஒரு சீமெந்து மூட்டையின் பாதி.

சட்டகம்

செவன் வகைச் சட்டகத்துக்கு வழமையான குழாய் 25 × 25 மிமீ சதுரம், சுவர் 1.6 மிமீ, மைல்ட் ஸ்டீல். துளையிட்டுச் சுவரை அளந்து வாங்குங்கள். கடையில் அதே பேரில் 1.2 மிமீ குழாயும் கிடக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

முதலில் மேசை. தட்டையான, அசையாத மேசை இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நான் இரும்புக் கால் மேல் 18 மிமீ பிளைவுட் போட்டு, நடுக்கோடு கீறி, கீழ்ச் சட்டத்தை முழு அளவில் பென்சிலால் வரைந்தேன். குழாயை வெட்டி அந்தக் கோட்டின் மேல் வைத்து, இரு பக்கமும் மரக்கட்டை ஆணியடித்து அசையாமல் நிறுத்த வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 1 மிமீக்குள் ஒன்றாக வந்தால்தான் அடுத்த குழாய். குழாய்கள் முடிந்தவரை முக்கோணங்களாகச் சேரட்டும். நாற்கோணம் நெளியும், முக்கோணம் நெளியாது. மெல்லிய குழாய் பாரத்தைத் தாங்குவது இந்த ஒரு காரணத்தால்தான். சஸ்பென்ஷன் கை பூட்டும் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில், அதாவது குழாய்கள் சந்திக்கும் இடத்தில் விழ வேண்டும். குழாயின் நடுவில் விழுந்தால் அந்தக் குழாய் வளையும்.

எல்லா மூட்டுக்கும் முதலில் பொட்டு, அதாவது ஒரு சின்னப் புள்ளி ஒட்டு, மட்டும் வையுங்கள். முழுச் சட்டகமும் பொட்டில் நின்ற பிறகு, இடம் ஒன்று வலம் ஒன்று, முன் ஒன்று பின் ஒன்று என்று மாறி மாறி முழு ஒட்டு. நான் ஒரு சனிக்கிழமை உற்சாகத்தில் இடப் பக்கத்தை மட்டும் முடித்துவிட்டேன். ஞாயிறு காலை அளந்தால் முன் மூலை மேசையை விட்டு 6 மிமீ எழும்பி நின்றது. வெட்டித் திரும்ப ஒட்ட மூன்று வார இறுதிகள் போயின.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிக் வெல்டிங்கில் ஒட்டைக் காப்பது துப்பாக்கி முனையில் வரும் வாயு. யூன் முதல் கச்சான் அடிக்கும் மாதங்களில் அந்த வாயு முனையிலேயே பறந்துவிடும். ஒட்டைப் பார்த்தால் மேலே அழகாக இருக்கும். அரத்தில் தேய்த்தால் உள்ளே ரவை போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டைக்குள் உப்பு ஈரம் போனால் ஒட்டு உள்ளிருந்தே அழுகும். ஆகவே விடியற்காலை ஐந்தரை முதல் எட்டரை வரை, காற்று எழும்பும் முன், மூன்று பக்கமும் படங்கு கட்டி ஒட்டினேன். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகள், ரோல் பார், பெல்ட் பூட்டும் தகடுகள் ஆகியவற்றை நான் ஒட்டவில்லை. தொழில்முறை வெல்டர் ஒருவரைக் கூப்பிட்டேன். உயிர் தொங்குகிற ஒட்டுகளை நாள் முழுக்க அதையே செய்கிற கை போடட்டும். ரோல் பாருக்குத் தண்ணீர்க் குழாயோ எக்ஸோஸ்ட் குழாயோ ஆகாது. சர்வதேசப் போட்டி விதிகளில் பிரதான வளையத்துக்குக் கேட்பது குளிர்நிலையில் இழுத்த, மூட்டில்லாத 45 × 2.5 அல்லது 50 × 2.0 மிமீ குழாய்.

உப்புக்கு வழி

குழாய் வெளியில் துருப்பது கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பூசலாம். கொல்வது உள்ளே வருகிற துரு. ஒவ்வொரு குழாய் முனையும் முழுக்க அடைபட்டிருக்க வேண்டும், அல்லது கீழே வடிகால் துளையோடு உள்ளே மெழுகு பாய்ச்சியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, ஒரு ரிவெட் துளை மட்டும் இருக்கிற குழாய் மிக மோசம். பகலில் சூட்டில் காற்று வெளியேறும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உறிஞ்சும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உப்பு உள்ளே தங்கும். நான் அடிக் குழாய்கள் எல்லாவற்றிலும் 5 மிமீ துளை போட்டு, எல்லாப் பூச்சும் காய்ந்த பிறகு, குழிகளுக்கு அடிக்கும் மெழுகை நீள முனையால் அடித்து, சட்டகத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பி ஓட விட்டேன். நான்கு பேர் தூக்கினால் போதும், இலேசான காரின் ஒரு வசதி அது.

வெளியே பவுடர் கோட்டிங் அடிக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல் பட்டு ஓர் இடம் வெடித்தால் உப்பு ஈரம் அந்தப் பிளாஸ்டிக் தோலுக்குக் கீழே ஊர்ந்து போகும், தோல் மேலே பளபளப்பாகவே இருக்கும். படகுக்கு அடிக்கிற இரண்டு பாக எப்பொக்சி பிறைமரும் அதன் மேல் இரண்டு பாகப் பெயின்ட்டும் எனக்குப் போதுமாக இருந்தன. கீறினால் தெரியும், தெரிந்த அன்றே தொட்டுவிடலாம். மணல் வீசிச் சுத்தம் செய்த சட்டகத்துக்கு அதே நாளில் பிறைமர் அடிக்க வேண்டும். மறுநாள் என்று விட்டால் முதல் வரியில் சொன்ன தோடம்பழம்தான்.

அடுத்தது அலுமினியம். அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒரு சின்னப் பெற்றரி மாதிரி வேலை செய்யும், கரைவது அலுமினியம். என் முதல் பக்கத் தகட்டை வெறும் ரிவெட் போட்டுப் பூட்டினேன். மாரி முடிந்து தை பிறக்க, ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் பெயின்ட் கொப்பளித்து, நகத்தால் கீறினால் கோதுமை மா மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது. இரண்டாவது தகட்டுக்குக் குழாய் முழுக்கப் பொலியூரிதேன் ஒட்டுப்பசையைத் தடவி, வாய் மூடிய ரிவெட்டுகளை 50 மிமீ இடைவெளியில், ஒவ்வொன்றையும் பசையில் தோய்த்துப் போட்டேன். பசை ஒட்டவும் செய்கிறது, உலோகத்தை உலோகத்திடமிருந்து பிரித்தும் வைக்கிறது. மூன்று மாரி போய்விட்டது, தூள் இல்லை.

பைபர்: நம் ஊரின் பலம்

மூக்கும் மட்கார்ட்டும் பைபரில். இதற்குத் திருகோணமலையை விட நல்ல இடம் இல்லை. மீன்பிடிப் படகு செய்கிறவர்கள் ஒவ்வொரு கரையிலும் இருக்கிறார்கள். அச்சு, ஜெல் கோட் (வெளியே தெரியும் வழுவழுப்பான படை), மெழுகு எல்லாம் அவர்கள் கையில் ஊறியவை.

ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். படகுக்காரர் கை தடிப்பாகத்தான் போடும். அலை அடிக்கிற படகுக்கு அது சரி. காரின் மூக்குக்கு ஜெல் கோட்டும் சதுர மீற்றருக்கு 450 கிராம் உள்ள கண்ணாடி நார் விரிப்பு (மட்) இரண்டு படையும் போதும், சுமார் 2 மிமீ. கணக்குப் பாருங்கள்: ஒரு சதுர மீற்றருக்கு மட் 0.9 கிலோ, ரெசின் அதன் இரண்டு இரண்டேகால் மடங்கு, ஆக 3 கிலோ அளவு, ஜெல் கோட்டையும் சேர்த்தால் மூன்றரையைத் தாண்டும். ஐந்து படை போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். விறைப்பு வேண்டிய இடத்தில் படையைக் கூட்டாமல் விளிம்பை மடியுங்கள், அல்லது உள்ளே ஒரு நுரைக் கட்டையை வைத்து அதன் மேல் ஒரு படை போடுங்கள். என் முதல் மூக்கு 9 கிலோ வந்தது. நான் தராசில் வைத்துக் காட்டியதும் அண்ணன் ஒன்றும் பேசாமல் அச்சைத் திரும்பக் கழுவினார். இரண்டாவது 4.6.

நம் வெயிலில் ரெசின் வேகமாக இறுகும். காலையில், நிழலில், கட்டலிஸ்ட்டை 1 வீதத்தில் வைத்துச் செய்யுங்கள். அந்தக் கட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதீர்கள். பட்டறையில் யாரும் போடுவதில்லை என்பது ஒரு காரணம் இல்லை.

சுருளும் ஷொக்கும்

கடையில் கிடைக்கும் சுருளைப் போடாமல் கணக்குப் போட்டு வாங்குங்கள். ஆளோடு காரின் ஒரு முன் மூலையில் 125 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். சக்கரம், ஹப், பிறேக் ஆகியவற்றைக் கழித்தால் சுருளின் மேல் 100 கிலோ. நம் வீதித் தரத்துக்கும் தடத்துக்கும் நடுவே நொடிக்கு 1.6 அசைவு என்பது நல்ல இலக்கு. 2 × 3.14 × 1.6 = 10.05. அதன் வர்க்கம் 101. 100 கிலோவால் பெருக்கினால் மீற்றருக்கு 10,100 நியூட்டன், அதாவது மிமீக்கு 10.1. இது சக்கரத்தில் வேண்டிய விறைப்பு. சக்கரம் 10 மிமீ எழும்பும்போது சுருள் 7 மிமீதான் அமுங்குகிறது என்றால் 0.7இன் வர்க்கமான 0.49ஆல் வகுங்கள்: மிமீக்கு 20.6 நியூட்டன், பழைய அளவில் அங்குலத்துக்கு 118 இறாத்தல். வேனின் சுருளை வெட்டிப் போட்டால் அளவுக்கு மிஞ்சிய விறைப்பு, கார் துள்ளும், ரயர் நிலத்தில் நிற்காது.

முன்னுக்கு வேனின் ஸ்ட்ரட் அமைப்பு உயரமானது, மூக்குக்குள் அடங்காது. இரட்டைக் கை அமைப்புக்குரிய அப்ரைட்டை (சக்கர ஹப்பைத் தாங்கும் துண்டை) வெளியில் வாங்குங்கள். நான் காசைப் பார்க்காமல் வாங்கிய ஒரே பாகம் அது.

பிறேக், போல்ட்

500 கிலோக் காருக்குப் பிறேக் பூஸ்டர் தேவையில்லை. மிதியின் நெம்பு விகிதம் 5க்கு 1 அளவில் இருக்கட்டும், முன் பின் தனித்தனிச் சுற்று கட்டாயம். வேனின் பின் பிறேக் சாமான் ஏற்றிய பாரத்துக்குச் செய்தது. இலேசான காரில் பின் சக்கரம் முதலில் பூட்டி (சுழலாமல் நின்று சறுக்கி), கார் சுழன்றுவிடும். பின் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றை வைத்து, வெறும் தளத்தில் மெதுவான வேகத்தில் அமுக்கிப் பார்த்து, எப்போதும் முன் சக்கரம் முதலில் பூட்டுகிற மாதிரி அமைக்க வேண்டும். குழாய் செப்பு நிக்கல் கலவையில் போடுங்கள், உப்பு அதைத் தொடாது. டாட் 4 எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிதில் குறைந்தது 230 பாகையில் கொதிப்பது, ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

போல்ட் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு ஆசை உண்டு. படகுச் சாமான் கடைகளில் ஸ்டெயின்லெஸ் போல்ட் குவிந்து கிடக்கும். துருக்காது, பளபளக்கும். மட்கார்ட்டுக்கும் விளக்குக்கும் தாராளமாகப் போடுங்கள். சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங்குக்கும் வேண்டாம். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 8.8 தர இரும்பு போல்ட்டை விடப் பலம் குறைந்தது, இறுக்கும்போது மரையும் பிடித்துக்கொள்ளும். 8.8 அல்லது 10.9, நைலொன் வளைய நட், தலையில் இலக்கம் பொறித்தது மட்டும். புஷ்ஷுக்குள் நிற்பது மரையாக இருக்கக்கூடாது, வழுவழுப்பான தண்டாக இருக்க வேண்டும். இறுக்கி முடித்த ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட் கோடு ஒன்று. கோடு விலகியிருந்தால் நட் திரும்பியிருக்கிறது.

தண்ணீர், வயர்

ரேடியேற்றர் மூக்கில், எஞ்சினை விடத் தாழ்வாக இருக்கும். ஆகவே தண்ணீர் விடும் தொட்டி முழுச் சுற்றிலும் உயரமான இடத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் காற்று சிக்கி எஞ்சின் தலை வேகும். மூக்கின் வாயில் நுழையும் காற்று ரேடியேற்றரைச் சுற்றி ஓடித் தப்பாமல் பக்கங்களை நுரையால் அடையுங்கள். பெரிய ரேடியேற்றரை விட இது அதிகம் உதவும், எடையும் இல்லை. வயருக்குப் படகுக்கு விற்கிற வெள்ளீயம் பூசிய செப்பு வயரை வாங்குங்கள். பைபரும் பெயின்ட்டும் மின்சாரத்தைக் கடத்தாது, ஒவ்வொரு விளக்குக்கும் பூமி வயரைத் தனியாக இழுக்க வேண்டும்.

புறோப் ஷாஃப்டை வெட்டிச் சுருக்குவதை ஊர் லேத்தில் செய்யலாம், சமநிலை பார்க்கும் இயந்திரம் உள்ள இடத்துக்கு அனுப்பாமல் பூட்டாதீர்கள். அது உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் சுழல்கிறது. அதைச் சுற்றி ஒரு தடித்த இரும்பு வளையமும் போடுங்கள், அந்த எடைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

முதல் ஓட்டம்

கந்தளாய்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்தில் என் முதல் ஓட்டம் நடந்தது. முதல் நாள் முதல் கியர் மட்டும். ஓடி, நிறுத்தி, இறங்கி, மஞ்சள் கோடுகளைப் பார்த்து, பிறேக் மூட்டுகளைத் துணியால் துடைத்து ஈரம் பார்த்து, திரும்ப ஓடினேன்.

சக்கர நேரை நூல் கட்டிப் பார்க்கலாம். பிறகு நான்கு மூலை எடை: நான்கு ஒரே மாதிரித் தராசு, மட்டமான தளம், இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான அரிசி மூட்டை. இட முன்னும் வலப் பின்னும் சேர்ந்தது மொத்தத்தின் பாதியாக வரும்வரை ஷொக்கில் சுருள் உட்காரும் தட்டுகளைத் திருகுங்கள். என் கார் முதலில் 54 வீதம் காட்டியது. இடது வளைவில் சொன்னதைக் கேட்டது, வலது வளைவில் மூக்கு வெளியே ஓடியது. அரை நாள் திருகி 50.3க்குக் கொண்டு வந்த பிறகு அது வேறு கார்.

மாற்றியமைப்பு

பூட்டி முடித்தவுடன் எல்லோருக்கும் டர்போ அழுத்தத்தைக் கூட்டத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். 64 குதிரைவலுவை 521 கிலோவால் வகுத்தால் டன்னுக்கு 123. ஒழுங்காகப் பிடிக்கிற ரயர், நல்ல பிறேக் பட், உங்கள் முதுகுக்கு வார்த்த இருக்கை, இவை மூன்றும் முதலில். இருக்கையைப் படகு நுரையை ஊற்றி, பொலித்தீன் மேல் நீங்களே உட்கார்ந்து வார்க்கலாம். வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்காமல் ஓட்ட முடிந்தால் நேரம் தானாகக் குறையும். பிறகு எடைக் கொப்பியைத் திறந்து, தடித்த பிராக்கெட்டுகளில் இருந்து ஆரம்பியுங்கள். எஞ்சினில் கை வைக்கும் நாளில் எண்ணெய் வெப்பமானி முதலில், பெற்றோல் கலவை காட்டும் மானி அடுத்தது, அழுத்தம் கடைசி.

வைத்திருப்பது

ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கொரு முறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதால் கழுவாதீர்கள், குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். கழுவிய பிறகு ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு, அதன் பிறகே நிழலுக்கு. காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதுதான் அது. பருத்தித் துணி போதும். ஐப்பசி மழை தொடங்கும் முன் குழாய்களுக்குத் திரும்ப மெழுகு அடிக்கிறேன், வடிகால் துளைகளைச் சைக்கிள் கம்பியால் குத்திப் பார்க்கிறேன். போன முறை பின் இடது அடிக்குழாயில் கம்பி நுனி மெழுகோடு சுத்தமாக வந்தது. முன் வலதில் கொஞ்சம் பழுப்பு. அந்தத் துளையை 8 மிமீ ஆக்கி, மூன்று நாள் காய விட்டு, திரும்ப அடித்து, தேதியைப் பக்கத்திலேயே மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறேன்.